முள் யார் பக்கம்

தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கப் போனால் அக்கா முதலில் காயைப் பார்க்க மாட்டார். தராசைப் பார்ப்பார். தட்டில் ஒன்றும் இல்லாதபோது அது பூஜ்யம் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் முருங்கைக்காயில் கை வைப்பார். பஃபலோ ரோட்டுக் கடைக்காரர் இதற்குப் பழகிப்போயிருந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா. இருங்க, தட்டைத் தொடைச்சு வைக்கிறேன்."

"தொடைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். என்ன காட்டுதுன்னு பார்க்கணும்."

"எத்தனை வருஷமா வர்றீங்க. இன்னும் என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு லா. தராசு மேலதான் இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து கிராம் காட்டியது. அப்படியென்றால் ஒவ்வொரு நிறுவையிலும் கடைக்காரருக்குத்தான் ஐந்து கிராம் நஷ்டம். அக்கா அதையும் சொன்னார். "உங்களுக்குத்தான் நஷ்டம், சரி பண்ணுங்க" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கிலோ வெங்காயத்துக்கு இவ்வளவு விசாரணையா என்று நினைத்தேன்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றாலே எனக்குப் போதும். எனக்கு வேறு அக்கா இல்லை.

நாங்கள் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். காக்கி புக்கிட்டில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. மொத்தம் பதினோரு பேர். கப்பல் ரேடியோவுக்குள்ளே போகிற சின்னச் சின்ன போர்டுகள் செய்கிற இடம். அதில் மிக்ஸர் போர்டு என்று ஒன்று உண்டு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். காற்றில் வருகிற ரேடியோ அலை அதில் ஒரு பக்கம் போகும். நாம் கொடுக்கிற அலை இன்னொரு பக்கம் போகும். இரண்டும் உள்ளே கலந்து, கூட்டினது ஒன்றும் கழித்தது ஒன்றுமாக வெளியே வரும். கழித்ததுதான் வேண்டும். கூட்டினதை அடுத்த போர்டு தடுத்துவிடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செகண்டரி த்ரீயோடு படிப்பை விட்டவள் நான்.

ஆனால் அந்தப் போர்டின் மேல் உட்காருகிற காயில் என்ற இரண்டு கம்பிச் சுருள்களும் என் கையால் சுற்றினவை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு வளையம். தலைமுடி மாதிரி மூன்று கம்பிகள், சிவப்பு, பச்சை, செம்பு. மூன்றையும் ஒன்றாக முறுக்கி வளையத்துக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டும். லென்ஸுக்குக் கீழேதான் எதுவும் தெரியும். ஒரு நுனி மாறினாலும் போர்டு கெட்டது. படிப்பு ஏறாத எனக்கு விரல் மட்டும் நன்றாக வேலை செய்தது.

நான் முடித்த போர்டு அக்காவின் மேசைக்குப் போகும். அவர் டெஸ்டர். இரண்டு பக்கமும் அலை கொடுத்து, வெளியே வருவதைப் பெரிய மிஷினின் திரையில் பார்ப்பார். திரையின் அடியில் பச்சையாகப் புல் மாதிரி ஒரு வரி ஆடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு கோடு மரம் மாதிரி நிற்கும். அதுதான் நமக்கு வேண்டியது. சில நேரம் மரத்துக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கோடு முளைக்கும். அது இருக்கக் கூடாது. இருந்தால் கப்பலில் ஒருவர் பேசும்போது வேறு ஏதோ சத்தம் கூட வரும். அக்கா அதை முள்ளு என்பார்.

நான் சேர்ந்த முதல் வாரமே என் போர்டு ஒன்றில் முள் வந்தது. அக்கா மேசை ஓரத்துக் கொக்கியில் தொங்கிய ஒரு சின்ன ஸ்டீல் உருளையை எடுத்தார். கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். அதைக் கேபிளுக்கும் மிஷினுக்கும் நடுவில் மாட்டினார். பேட் என்போம் அதை. வருகிற அலையைப் பத்து அளவு குறைத்து அனுப்பும். வேறு வேலை எதுவும் அதற்குக் கிடையாது.

மரம் பத்து இறங்கியது. முள்ளும் பத்து இறங்கியது.

"உன்னுதுதான்" என்றார்.

"அக்கா?"

"போர்டுல இருக்கிற முள்ளா இருந்தா மரத்தோட சேர்ந்து பத்துதான் இறங்கும். இதுவும் பத்துதான் இறங்குது. உன் காயில்ல ஏதோ மாறிப்போச்சு. பிரி."

பிரித்தேன். பச்சை நுனி இருக்க வேண்டிய இடத்தில் செம்பு நுனி இருந்தது. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு போர்டில் முள். மறுபடி பேட். இந்தத் தடவை மரம் பத்து இறங்க, முள் முப்பது இறங்கிப் புல்லுக்குள் காணாமல் போனது.

"உன்னுது இல்ல" என்றார், அதே குரலில். "நான்தான் ஜாஸ்தி கொடுத்துட்டேன். தாங்க முடியாம மிஷினே முள்ளை உண்டாக்கிக் காட்டுது. சாரி."

உன்னுதுதான் என்று சொன்ன அதே முகம். நான்தான் என்று சொல்லும்போதும் அது மாறவில்லை. பள்ளிக்கூடத்திலோ வீட்டிலோ யாரும் என்னிடம் "நான்தான்" என்று சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இது அவருக்கு மேசையோடு முடிகிற பழக்கம் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டுக் கூரையில் ஒருநாள் ஈரம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும், மேல்வீட்டுக் கிழவிதான் தண்ணீரைக் கொட்டுகிறார், போய் ஒரு சத்தம் போடுங்கள் என்றார்கள். அக்கா தன் வீட்டு ஏர்கானை இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஈரம் காய்ந்தது. ஏர்கான் குழாய்தான் வேர்த்திருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு பொட்டலம் ஆரஞ்சோடு மேல்வீட்டுக்குப் போய், "உங்களைத் திட்ட இருந்தேன், திட்டல" என்று அந்தச் சீனக் கிழவியிடம் மலாயில் சொல்லிவிட்டு வந்தார். கிழவிக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டாராம்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். புக்கிட் பாத்தோக்கில் எங்களுடையது இரண்டறை வீடு, அம்மாவும் நானும்தான். அம்மா மட்டன் குழம்பு வைத்திருந்தார். ஒரு வாய் வைத்த அக்கா அப்படியே நிறுத்தினார். தண்ணீர் கேட்டார். குடித்து, கொப்பளித்து, மறுபடி ஒரு வாய் எடுத்தார்.

அம்மா பயந்துவிட்டார். "என்னம்மா, உப்பா?"

"இருங்கம்மா. இப்பதான் முறுக்கு தின்னேன். நாக்கு சரியில்லாம இருக்கலாம்." இன்னொரு வாய். "இல்ல. உப்புதான்."

அம்மா சிரித்த சிரிப்பு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது செய்தாலும், "உன் அக்காகிட்ட கொடு, கொப்பளிச்சிட்டுச் சொல்லட்டும்" என்பார்.

காலையில் நாங்கள் ஒன்றாக ரயிலில் வேலைக்குப் போவோம். அக்கா புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி உட்கார்ந்து வருவார். நான் பஸ் பிடித்துப் போய் பியூட்டி வோர்ல்டில் ஏறுவேன். எப்போதும் மூன்றாவது பெட்டி, இரண்டாவது கதவு. எனக்காகப் பையைப் பக்கத்தில் வைத்திருப்பார். யாராவது முறைத்தால் எடுத்துவிடுவார். அப்புறம் நான் வந்து நிற்கும்போது, "ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா சீட்டு" என்பார்.

அந்த ரயிலில்தான் எனக்குச் சொன்னார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். மார்பில் கேன்சர். ஏற்கெனவே இன்னொரு இடத்துக்கும் பரவிவிட்டது. மருந்து ஏற்றுகிறார்கள், முடி கொட்டாத மருந்துதான், ஆனால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது.

"கம்பெனிக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா மேசையை விட்டு எழுப்பிடுவாங்க. பாவம்னு சொல்லியே எழுப்பிடுவாங்க. என் தம்பிக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும்."

சரி என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "நகத்தை வெட்டு, கம்பியில கீறல் விழும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேபிளை போர்டில் திருகி இறுக்க ஒரு சின்ன ஸ்பேனர் உண்டு. போதுமான அளவு இறுகியதும் அது கையில் ஒரு உதறு உதறும், 'டிக்' என்று சத்தமும் வரும். அக்காவின் விரலுக்கு உதறல் தெரியவில்லை. அதனால் காதை ஸ்பேனருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பார். டிக். சந்தேகம் வந்தால் கழற்றி மறுபடி இறுக்குவார். ஒவ்வொரு போர்டையும் இரண்டு தடவை அளப்பார். மெதுவாகத்தான் போனது. அவர் தாளில் எழுதும் எண்கள் கோட்டில் நிற்காமல் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. எண்கள் என்னவோ சரியாகத்தான் இருந்தன.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

நாற்பது போர்டுகள் திரும்பி வந்தன. ஒரு கஸ்டமர் அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் முள் இருக்கிறதாம். திரையைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். அவர் சீனர், இங்கிலீஷில்தான் பேசுவார். விற்பனையிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை.

அக்கா படத்தை உற்றுப் பார்த்தார். "போர்டு சரியாத்தான் இருக்கு. அவங்க பேட் போடாம அளக்கிறாங்க. ஒரு பேட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

"கஸ்டமரிடம் போய் உன் மிஷின் தப்பு என்று சொல்லவா?" என்றார் மேனேஜர். "அவர்கள் மிஷின் நம்முடையதைவிடப் பெரியது, தெரியுமா?"

"பெருசா இருந்தாலும் வாய் ஒண்ணுதான் சார். ஜாஸ்தி ஊத்தினா தாங்காது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அறையில் எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார். அதுவே பயமாக இருந்தது. முள் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று காயில் தப்பு, இல்லாவிட்டால் டெஸ்ட் தப்பு. எது என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டார்.

காயில் என்றால் நான். நாற்பது போர்டு, எண்பது காயில், எல்லாம் என் கை. அம்மாவுக்கு முட்டி போய் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. செகண்டரி த்ரீ படித்தவளுக்கு இன்னொரு இடத்தில் யார் லென்ஸ் கொடுப்பார்கள்? இதையெல்லாம் அங்கே உட்கார்ந்து யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் பேசிவிட்டது.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல சார். கேன்சர். மருந்துல கை நடுங்குது. விரல்ல எதுவும் தெரிய மாட்டேங்குது."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மேனேஜர், "பாவம். ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார். அக்கா முன்பே சொன்ன அதே வார்த்தை.

திங்கட்கிழமை அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். லேசான வேலை, உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்ட நாற்பது டெஸ்ட் தாளிலும் டெஸ்டர் பிழை என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, போர்டுகளோடு சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் ரயிலில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மடியில் பை. உபி ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அக்கா எதையோ யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்:

"எப்படித் தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு? போன வாரம் ஆஸ்பத்திரியில கொடுத்த எம்சி லீவு பேப்பர் பையில இருந்துச்சு. மேசை மேல எங்கயாவது வச்சிட்டேன் போல. ஆமா. நான்தான் வச்சிருப்பேன். இப்பல்லாம் மறதி ஜாஸ்தி."

என்னைக் கேட்கவில்லை. நீயா என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. முதலில் தன் நாக்கைக் கொப்பளித்துப் பார்ப்பவர் அவர். தன் ஏர்கானை நிறுத்திப் பார்ப்பவர். அன்றைக்கும் அதையேதான் செய்தார். நான் சொல்லியிருக்கலாம். லிட்டில் இந்தியாவில் கதவு திறந்து மல்லிகை வாசனையோடு நாலைந்து பெண்கள் ஏறினார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். ஸ்டீவன்ஸில் கூட்டம் குறைந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். பியூட்டி வோர்ல்ட் வந்ததும் நான் எழுந்து, "வர்றேங்க்கா" என்றேன். "பார்த்துப் போ" என்றார்.

பேக்கிங்கில் ஏழு வாரம் இருந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. பெட்டி நிறுக்கிற மிஷினில் முதலில் ஒன்றும் வைக்காமல் பார்ப்பார். பேக்கிங்கில் இருந்த பையன்கள், "ஆன்ட்டி, காற்றை நிறுக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். "ஆமா, உன் மூளை எவ்வளவுன்னு பார்க்கிறேன், ஒண்ணும் காட்ட மாட்டேங்குது" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடுதான் உட்காருவார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று திட்டுவார். என்னால் எப்படிச் சாப்பிட முடியும்?

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். கடைசித் தடவை அவருக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப் மாட்டியிருந்தது. அதன் எண்ணைப் பார்த்துவிட்டு, நர்ஸிடம் விரலை மாற்றி மாட்டச் சொன்னார். "இந்த விரல் சில்லுனு இருக்கு, தப்பாக் காட்டும்." மாற்றி மாட்டினார்கள். எண் அதேதான். "சரி, அப்ப நான்தான்" என்றார் என்னைப் பார்த்து. சிரித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மண்டாய் மின்மயானத்தில் அக்காவை எரித்தார்கள். பாசிர் ரிஸிலிருந்து வந்த அவர் தம்பி, "அக்கா உங்களைப் பத்தி நிறையச் சொல்வாங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த பெட்டி வந்தது. அதே கஸ்டமர், புது போர்டுகள், அதே முள். இவற்றை டெஸ்ட் செய்தது அக்கா இல்லை. தற்காலிகமாக வந்த ஒருவர், அக்கா சுவரில் எழுதி ஒட்டியிருந்த முறைப்படியே பேட் போட்டு அளந்து அனுப்பினவை.

மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "டெஸ்டர் மாறியும் அதே பிரச்சினை. அப்படியென்றால் காயில்தான்" என்றார். பழையது புதியது எல்லாவற்றிலும் காயிலைக் கழற்றி, மறுபடி சுற்றிப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பற்றிப் பேசுவோம் என்றார்.

பழைய பெட்டியைத் திறந்தேன். முதல் போர்டை எடுத்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டு, லென்ஸுக்குக் கீழே வைத்தேன். மூன்று கம்பியும் அதனதன் இடத்தில் இருந்தன. என் கை சுற்றினதை என்னால் அடையாளம் சொல்ல முடியும். அயர்னைக் கொண்டுபோனேன். தொட முடியவில்லை. டெஸ்ட் பண்ணாமல் ஒரு போர்டில் கை வைத்தால் அக்கா என்ன சொல்வார் என்று தெரியும்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் கீழே போயிருந்தார்கள். அக்காவின் மேசையில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தேன். மிஷினைப் போட்டு, அவர் செய்கிற மாதிரியே சூடாகும்வரை காத்திருந்தேன். கேபிளை மாட்டினேன். ஸ்பேனர் என் கையில் உதறியது. இருந்தும் காதை வைத்துக் கேட்டேன். டிக்.

முதலில் பேட் இல்லாமல். கஸ்டமர் பார்க்கிற மாதிரி.

மரம். பக்கத்தில் முள். படத்தில் இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில்.

பேட் கொக்கியில் தொங்கியது. எடுத்தேன். மாட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். முள் பத்து இறங்கினால் காயில் தப்பு, என் வேலை போகும். ஆனால் அக்காவும் தப்பாகத்தான் அளந்திருக்கிறார் என்று ஆகும். நான் மேனேஜரிடம் சொன்னது அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்று ஆகும். முப்பது இறங்கினால் என் வேலை பிழைக்கும். ஆனால் அக்கா சொன்னதுதான் முழுக்கச் சரி. அவரை மேசையை விட்டு எழுப்பியதற்கு நான் மட்டும்தான் காரணம். எது வேண்டும் என்று கடவுளிடம் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

மாட்டினேன்.

மரம் பத்து இறங்கி நின்றது. முள் இல்லை. புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கழற்றினேன், முள். மாட்டினேன், புல். பெட்டியிலிருந்து இன்னும் ஐந்து போர்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படியே.

மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்ததும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என் இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ். அதனால் பேசாமல் மாட்டிக் காட்டினேன், கழற்றிக் காட்டினேன். அவர் மூன்று தடவை செய்யச் சொன்னார். நான்காவது தடவை தானே செய்தார். பிறகு போனை எடுத்துக் கஸ்டமரின் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். தப்பு என்ற வார்த்தையே வராமல், ஒரு சின்ன உதவி, ஒரு பேட் மட்டும் போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதுமாக இருந்தது. நாங்கள் இருபது நிமிஷம் காத்திருந்தோம். போனில் ஒரு படம் வந்தது. மரம் மட்டும் நின்றது. கீழே ஒரு வரி, சாரி, எங்கள் பக்கம்தான் என்று.

மேனேஜர் என் தோளைத் தட்டினார். "கெட்டிக்காரி லா நீ. இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் கண்டுபிடிக்கல சார். அக்கா அன்னைக்கே சொன்னாங்க. உங்ககிட்டதான் சொன்னாங்க."

அவர் முகம் மாறியது. "கை நடுங்குகிறது என்று நீதானே சொன்னாய்?"

"நான்தான் சொன்னேன்."

"நடுங்கவில்லையா?"

"நடுங்குச்சு சார். ஆனா அதுக்காக நான் சொல்லல. நீங்க என் காயிலைப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "முடிந்துபோனது. விடு. அவர் இப்போது இல்லை" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"தாள் இருக்கு சார். அவங்க கையெழுத்து இருக்கு. அந்த ஸ்டிக்கரை எடுக்கணும்."

"யார் பார்க்கப் போகிறார்கள் அதை?"

நான் அங்கேயே நின்றேன். கடைசியில், "சரி, எடு. புதுத் தாளில் காரணம் எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அக்காவின் மேசையிலேயே உட்கார்ந்து எடுத்தேன். அந்த ஸ்டிக்கர் லேசில் வராது. இழுத்தால் தாள் கிழியும். சால்டரிங் அயர்னைத் தாளில் படாமல் மேலே காட்டி, பசை இளகியதும் நகத்தால் ஓரத்தைத் தூக்க வேண்டும். நகத்தை வளர்த்திருக்கலாம் என்று நினைத்தேன். அக்கா சொன்ன நாளிலிருந்து ஒட்ட வெட்டித்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கர் வந்த இடத்தில் அவர் எழுத்து தெரிந்தது. கோட்டைவிட்டு ஏறி இறங்குகிற எண்கள். ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கட்டத்தில், பேட் போட்டது, சரி, என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. அவற்றின் மேலேதான் சரியாகச் சிவப்பை ஒட்டியிருந்தார்கள். நாற்பது தாளிலும் நாற்பது தடவை எழுதியிருந்தார். கடைசிப் பத்துத் தாளில் எழுத்து ரொம்ப மோசமாக இருந்தது. பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்.

புதுத் தாளில் யார் கண்டுபிடித்தது என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். முழுப் பெயரும் எழுதினேன். இங்கே எழுத மாட்டேன் என்ற பெயரை அங்கே எழுதினேன். மேனேஜர் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. மிஷினை நிறுத்தினேன். பேட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். விரிப்பை இழுத்துப் போடுவதற்கு முன்னால், மேசை மேலே ஒன்றும் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"அந்த எம்சி பேப்பரை நீங்க எங்கயும் வைக்கலக்கா" என்றேன். "நான்தான்."